எழுதேக்க இல்லாத பிரச்சினை புத்தகமாக்கேக்க வந்தது

ரெண்டு சின்னப் பிள்ளையள், கந்தோர் வேலை, வீட்டில வயசான மாமி, இதுக்குள்ள நாவல் எழுத உங்களுக்கு எங்கால நேரம் எண்டு கனபேர் கேக்கினம். போன வருசம் புத்தகம் வெளிவந்த நாளில இருந்து கேக்கினம். நானும் "விடியப்புறம் எழும்பி எழுதினனான்" எண்டு சொல்லிக்கொண்டு இருந்தன். அது உண்மைதான், ஆனா பாதி உண்மை. மற்றப் பாதியை இண்டைக்கு எழுதிப்போடோணும் எண்டு இருக்கு, ஏனெண்டா என்னைப்போல சொந்தக் காசில புத்தகம் போட யோசிக்கிற ரெண்டு மூண்டு பேர் எனக்குத் தெரிஞ்சே இருக்கினம், எல்லாரும் அம்மாமார்.

எழுதத் தொடங்கினது 2020 மார்ச், ஊரடங்கு போட்டு ஒரு கிழமை இருக்கும். மகளுக்கு அப்ப அஞ்சு வயசு. எங்கட வீடு திருகோணமலையில டைக் வீதிப் பக்கம், கடற்கரைக்குக் கிட்ட. நாலு மணிக்கு எழும்பி முன் விறாந்தையில மேசையைப் போட்டு இருந்தா ஒழுங்கையில மான் வரும். திருமலைச் சனத்துக்கு இது புதினம் இல்லை, வெளியூர்ச் சனம்தான் நம்பாது, புள்ளிமான் கூட்டமா வந்து குப்பை வாளியைக் கிளறிக்கொண்டு நிக்கும், கேற்றைப் பூட்டாட்டி உள்ளுக்கு வந்து செவ்வரத்தையைத் திண்டுபோட்டுப் போகும். அந்த நேரம் மானும் நானும்தான். அஞ்சரை மட்டும் எழுதலாம், பேந்து மாமி எழும்பிருவா, என்ர மனுசனுக்கு கந்தளாய் பஸ், எனக்கு சமையல்.

ஒண்டரை மணித்தியாலத்தில பெரிய அதிகாரம் எழுத வராது. முதல் ஆறு மாசம் அதுக்காக மனம் நொந்திருக்கிறன், பாதியில விட்ட வசனத்தை அடுத்த நாள் பிடிக்கேலாமப் போகும். பிறகு அதிகாரத்தையே சின்னனாக்கினன். ஒரு விடியலுக்கு ஒரு காட்சி, ஆள் வரும், கதைக்கும், போகும், அவ்வளவுதான். கதை மூதூர் லோஞ்ச் துறையில தேத்தண்ணிக் கடை வச்சிருந்த ஒரு மனுசியைப் பற்றினது, லோஞ்சுக்கு நிக்கிற சனம் அப்பிடித்தானே, வந்து ஒரு பிளேன்டீ குடிச்சு ரெண்டு கதை கதைச்சுப்போட்டு ஏறிப் போயிரும். 2009ல கிண்ணியாப் பாலம் திறக்கிறதோட கதை முடியுது. 224 பக்கத்தில 41 அதிகாரம் வந்தது என்ர வீட்டு நேரத்தாலதான், அதுதான் கதைக்கும் பொருந்தினது எண்டு வாசிச்ச ஆக்கள் சொல்லேக்க எனக்குச் சரியான சந்தோசம்.

2021ல மகன் பிறந்தான், ஒரு வருசம் கொப்பியைத் தொடேல்ல. அதுக்காக நான் கவலைப்பட்டதில்லை, இப்பவும் இல்லை. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்கள் ஞாபகம் இருக்கோ, அந்த நாளையிலதான் திரும்பத் தொடங்கினன், லப்டொப்பில சார்ஜ் இல்லை, சீஆர் கொப்பி ஒண்டை எடுத்து மெழுகுதிரி வெளிச்சத்தில எழுதினன், ஒரு கையால மகனுக்கு மட்டையால விசிறிக்கொண்டு. வெக்கை, நுளம்பு, அடுத்த நாள் காஸுக்கும் மண்ணெண்ணைக்கும் எங்க வரிசையில நிக்கிறது எண்ட யோசினை. ஆனா வீட்டில எல்லாரும் ஒரே இடத்தில இருந்தம், மகள் பக்கத்தில இருந்து அதே மெழுகுதிரியில படம் கீறுவா. நாவலின்ர கடைசிப் பத்து அதிகாரமும் அப்பிடி எழுதினதுதான்.

அதைத்தான் சொல்ல வாறன். எழுதின அந்த ரெண்டு ரெண்டரை வருசத்தில நாவல் என்னை என்ர பிள்ளையளிட்ட இருந்து பிரிக்கேல்ல. நித்திரையைத்தான் எடுத்தது. பிள்ளையளின்ர நேரத்தை எடுத்தது அதுக்குப் பிறகு நடந்த வேலை, புத்தகமாக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லேல்ல.

எழுதி முடிச்ச நேரம் அச்சடிக்கிற நிலைமை நாட்டிலயே இல்லை. 2022ல மேல்மாகாணத்தில தாள் இல்லாமல் பள்ளிக்கூடத் தவணைச் சோதனையையே ஒத்திவச்சவங்கள், பிறகு தாள் வந்தாலும் விலை எங்கயோ போட்டுது. ஒன்றரை வருசம் பொறுத்திருந்து 2023 கடைசியில கொழும்பில ஒரு அச்சகத்தோட கதைச்சு 300 பிரதி எண்டு முடிவாக்கினம். ஐஎஸ்பிஎன், அதுதான் புத்தகத்தின்ர அடையாள இலக்கம், தேசிய நூலகத்தில எடுத்தம், 978-624 எண்டு தொடங்கிற நம்பர், பழைய இலங்கைப் புத்தகங்களில 955 எண்டு இருக்கும் பாருங்கோ, அதுக்குப் பிறகு வந்த இலக்கம் இது. அந்த நம்பர் கையில வந்த அண்டைக்கு அதைத் திரும்பத் திரும்பப் பாத்துக்கொண்டிருந்தன்.

பிறகு பிழை திருத்திக் குடுக்கிறதுக்கு புரூவ் வந்தது. நான் யுனிகோட்டில டைப் பண்ணிக் குடுத்தனான், அவங்கள் பாமினி எண்ட பழைய எழுத்துருவுக்கு மாத்தித்தான் பக்கம் போடுவாங்கள், எங்கட நாட்டில இன்னும் கனக்க அச்சகம் அப்பிடித்தான். பாமினியில காற்புள்ளி விசையில 'இ' இருக்கு. மாத்தேக்க கவனிக்காட்டி காற்புள்ளி எல்லாம் 'இ' ஆகிரும். எனக்கு அப்பிடித்தான் வந்தது, 224 பக்கமும். "பிள்ளைஇ இஞ்ச வாஇ தேத்தண்ணி குடி" எண்டு கிடக்கு. என்ர நாவல் முழுக்க கதைக்கிற சனம், ஒரு பக்கத்தில இருபது இருபத்தஞ்சு காற்புள்ளி. உண்மையான 'இ' எது, பிழையான 'இ' எது எண்டு கண்ணாலதான் பிரிக்கோணும்.

எனக்குக் கந்தோரில நிதியாண்டு முடிவு, டிசம்பர், இரவு ஏழுக்குத்தான் வீட்டுக்கு வருவன். பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுத்துப்போட்டு புரூவை விரிப்பன். மகள் வந்து பக்கத்தில இருப்பா. "அம்மா நான் சிவப்புப் பேனையால வட்டம் போடவோ?" அப்ப மூண்டாம் ஆண்டு. முதல் நாள் சும்மா விட்டன், ரெண்டாம் நாள் பாத்தா என்னை விட வேகமாக் கண்டுபிடிக்கிறா. மூண்டு கிழமை, இரவு இரவா, நாங்கள் ரெண்டு பேரும் 'இ' பிடிச்சம். இடையில ஒரு நாள் "அம்மா, இந்த மனுசி ஏழாம் அதிகாரத்தில ராசம்மா, பதினொண்டில ராசாத்தி, ரெண்டும் ஒரு ஆளோ?" எண்டு கேட்டா. ஒரு ஆள்தான். நாலு வருசம் நான் காணாத பிழை, திருத்தின ரெண்டு பேரும் காணாத பிழை. புத்தகத்தின்ர நன்றியுரையில மகளின்ர பேர் இருக்கிறது பாசத்துக்காகப் போட்டது இல்லை, வேலை செய்ததுக்காகப் போட்டது.

இதைச் சொன்னா எல்லாரும் எவ்வளவு வடிவான கதை எண்டுதான் சொல்லினம். வடிவுதான். ஆனா அந்த மூண்டு கிழமையும் மகளின்ர வீட்டுப்பாடம் கிடந்தது, மகன் அம்மா அம்மா எண்டு மடியில ஏறேக்க தாள் கசங்கும் எண்டு தள்ளி விட்டிருக்கிறன், மாமி அவனைத் தூக்கிக்கொண்டு "பிள்ளை, நீ உன்ர அலுவலைப் பார், நான் இவனைப் படுக்க வைக்கிறன்" எண்டு போவா. எழுபத்திரண்டு வயசில, முழங்கால் நோவோட. மாமி இல்லாட்டி புத்தகம் இல்லை. இது எல்லாரும் சொல்லுற பேச்சு மாதிரி இருக்கும், ஆனா எங்கட வீட்டில அது அப்பிடியே நடந்தது, எத்தினை இரவு எண்டு எண்ணிச் சொல்லுவன்.

திருத்தின புரூவைக் குடுத்தாப் பிறகு அச்சகத்தில இழுபறி. பெப்ரவரியில ஒரு சனிக்கிழமை, "நேர வந்து கடைசியாப் பாத்துக் கையெழுத்து வைச்சா அண்டைக்கே ஓட விடுவம், இல்லாட்டி அடுத்த மாசம்தான், கனக்க ஓடர் கிடக்கு" எண்டினம். அந்தச் சனிக்கிழமை மகளின்ர பள்ளிக்கூடத்தில இல்ல விளையாட்டுப் போட்டி. உடற்பயிற்சிக் கண்காட்சியில முன் வரிசையில நிக்கிறா, ரெண்டு மாசமாப் பழகினவா. நான் யோசிச்சு யோசிச்சு, கடைசியில வெள்ளிக்கிழமை ராத்திரி கொழும்பு மெயில் ரயில் ஏறினன். விடியக் கோட்டை ஸ்டேஷனில இறங்கி, முகம் கழுவி, பஸ் பிடிச்சுப் போனா மெசின் பழுது. இண்டைக்கு ஏலாது அக்கா, திங்கள் பாப்பம் எண்டுட்டாங்கள். பகல் முழுக்க அங்க இருந்துபோட்டு இரவு திரும்பவும் மெயில்.

வந்து சேர ஞாயிறு விடிஞ்சிட்டுது. மகள் கோவிக்கேல்ல. அதுதான் எனக்குத் தாங்கேல்ல. இடியப்பம் திண்டுகொண்டு இருந்தவா, என்னைப் பாத்து, "அம்மா, நீங்க வந்திருந்தா எந்தப் பக்கம் நிண்டு பாத்திருப்பீங்கள்?" எண்டா.

"வேப்பமரத்துக்குக் கீழ நிண்டிருப்பன், நிழல்."

"அங்க நிண்டா நான் தெரிஞ்சிருக்க மாட்டன். மற்றப்பக்கம் நிண்டிருக்கோணும்."

இதை எழுதேக்க இப்பவும் தொண்டை அடைக்குது. அண்டைக்கு ஒரு மாசம் பிந்தினா என்ன குறைஞ்சிருக்கும்? நாலு வருசம் பொறுத்த நாவல். என்னைத் துரத்தினது நாவல் இல்லை, வெளியீட்டுக்கு மண்டபம் எடுத்தாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு எண்ட பதட்டம்.

காசுக் கணக்கையும் சொல்லுறன், இதை எங்கட ஆக்கள் ஒளிச்சு வைக்கினம், அதாலதான் புதுசா வாற ஆக்கள் முழிக்கினம். அச்சு 180,000. மண்டபம், அழைப்பிதழ், தேத்தண்ணி வடை எல்லாம் 35,000. அதுக்கு என்ர சங்கிலியை அடகு வைச்சம், அவர் தான் "வை, மீட்கலாம்" எண்டவர். வெளியீட்டில, எங்கட வழக்கம் தெரியுந்தானே, முதற்பிரதி, சிறப்புப்பிரதி, பிறகு சனம் வரிசையில வந்து என்வலப்பைத் தந்து புத்தகம் வாங்கிறது, அதில 105 பிரதியும் 132,000 ரூபாயும். பிறகு நேர வித்தது 38, ஒண்டு ஆயிரம் ரூபாய். புத்தகக் கடையளுக்கு 35 வீதக் கழிவில 60 குடுத்தன், 22க்குத்தான் காசு வந்திருக்கு. இலவசமாக் குடுத்தது 30. மிச்சம் 67 கட்டிலுக்குக் கீழ. மொத்தத்தில இன்னும் 30,700 துண்டு விழுது, சங்கிலி இன்னும் முழுசா மீளேல்ல. கடைக்காரரைக் குறை சொல்லேல்ல, அவைக்கும் வித்தாத்தானே. ஆனா இது வீட்டுக் காசு, பிள்ளையளின்ர காசு, எழுதுறவ தனிய எடுக்கிற முடிவில்லை இது. நாங்கள் இருந்து கதைச்சுத்தான் எடுத்தம் எண்டதில எனக்கு நிம்மதி.

வெளியீட்டில ஒரு சொந்தக்காரர் கேட்டவர், கொழும்பில யாழ்ப்பாணத்தில எண்டாப் பரவாயில்லை, திருமலையில இருந்து நாவல் எழுதி என்ன செய்யப் போறாய் எண்டு. தமிழின்ர முதல் வரலாற்று நாவல் எண்டு சொல்லுற மோகனாங்கியை எழுதின தி.த. சரவணமுத்துப்பிள்ளை எங்கட ஊர் ஆள், 1895ல சென்னையில அச்சானது. அதுக்கும் முன்னம் 1891ல ஊசோன் பாலந்தை கதை எழுதின இன்னாசித்தம்பியும் திருமலைதான். தமிழில நாவல் எண்ட ஒண்டு நடை பழகின காலத்திலயே எங்கட ஊரில எழுதினவை. அவருக்கு இதைச் சொன்னன், மகளும் பக்கத்தில நிண்டு கேட்டவா. அடுத்த கிழமை வகுப்பில போய்ச் சொல்லியிருக்கிறா, ரீச்சர் எனக்கு போன் எடுத்து விபரம் கேட்டவா.

இப்ப ரெண்டாவது நாவல் ஒன்பதாம் அதிகாரத்தில நிக்குது. இந்த முறை சில விசயம் முடிவாக் கதைச்சு வைச்சிருக்கிறம். முதல் புத்தகத்தின்ர கடன் முடியும் மட்டும் அச்சுக் கதை இல்லை. மண்டபம் எடுக்கிறது புத்தகம் கையில வந்தாப் பிறகுதான். பாமினிக்கு மாத்தத் தேவையில்லாமல் யுனிகோட்டிலயே பக்கம் போடுற ஆளைத்தான் பிடிப்பன், மாத்தத்தான் வேணுமெண்டா முதல் பத்துப் பக்கத்தை மாத்திக் காட்டச் சொல்லுவன். மகள் இப்ப அஞ்சாம் ஆண்டு, புலமைப்பரிசில் சோதனை முடியும் மட்டும் பின்னேரம் முழுக்க அவவுக்கும் தம்பிக்கும், எனக்கு விடியப்புறம் மட்டும்தான் சொந்தம். முதல் புத்தகத்தை, இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களைச் சேத்து வாசிக்கப் போடுற 'நூலகம்' இணையத்தளத்துக்குக் குடுக்க யோசிக்கிறன், கட்டிலுக்குக் கீழ கிடக்கிறதை விட ஆராவது வாசிக்கட்டும். மனுசனுக்கு அதில இன்னும் முழுச் சம்மதம் இல்லை, மிச்சப் பிரதி வித்தாப் பிறகு குடு எண்டுறார், அதிலயும் நியாயம் இருக்கு.

இந்த வருச விளையாட்டுப் போட்டிக்கு லீவு போட்டுப் போனன். மற்றப்பக்கம் நிண்டன், நல்ல வெயில், மகனைத் தோளில வைச்சுக்கொண்டு. அவ சொன்னது சரி, அங்க நிண்டாத்தான் முன் வரிசை தெரியுது.

மணி அஞ்சு இருபத்தஞ்சு. ஒழுங்கையில மான் ரெண்டு நிக்குது, ஒண்டு குட்டி. மாமியின்ர அறையில லைற் போட்டாச்சு, மா அவிச்சது நேற்றே இருக்கு, தேங்காய் திருவோணும்.