ஆளுக்கொரு கற்றல் திட்டம்

மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் எல்லாருக்கும் அதைக் கொண்டுவரலாம் என்பது என் கட்சி.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் காற்றைப் பார்த்தே வள்ளம் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சொல்லும் பையன், திசைவேகக் கணக்கில் திணறுவான். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் என்றால் வாய் திறக்காது. இருவருக்கும் ஒரே மாலை வகுப்பு!

பெரிய கோப்பெல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். இப்போது எது தெரியும், அடுத்து எது, யார் உதவுவது. பிள்ளையும் கூட உட்கார்ந்து எழுத வேண்டும்.

அப்புறம், மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. பள்ளி திறந்ததும் அதற்குள் பெற்றோரைக் கூப்பிட்டால் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்களும் வருவார்கள். தயவுசெய்து இந்தத் திட்டத்தையும் எமிஸில் (பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசு இணையதளம்) ஏற்றச் சொல்லாதீர்கள், ஆசிரியர்கள் பாவம்.