தீ எட்டாத கண்டெய்னரை மீட்ட கதை

கப்பலில் தீ என்றதும் எல்லோரும் கேட்டது, "சரக்கு எரிஞ்சிடுச்சா?" என்றுதான். எங்கள் கண்டெய்னரைத் தீ எட்டவே இல்லை. அதை வெளியே எடுப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

தீ அடங்கிய பிறகும் கப்பலை உள்ளே விட எந்தத் துறைமுகமும் முன்வரவில்லை. இழுவைக் கப்பல்களோடு வெளிக்கடலிலேயே கிடந்தது. 'இதற்குச் சட்டமே கிடையாதா?' என்று எரிச்சலில் தேடிப் படித்தேன். 2002-இல் சுமார் 77,000 டன் எண்ணெயோடு தவித்த பிரெஸ்டீஜ் கப்பலை ஸ்பெயின் கரையோரம் அண்டவிடவில்லை. ஆறு நாளில் அது இரண்டாக உடைந்து மூழ்கி, எண்ணெய் அதே கரையில்தான் வந்து ஒதுங்கியது. மறு ஆண்டே சர்வதேசக் கடல்சார் அமைப்பு, ஆபத்திலிருக்கும் கப்பலுக்கு இடம் தரும் புகலிடத் துறைமுகங்கள் பற்றி வழிகாட்டுதல்களை வெளியிட்டது; 2023-இல் அவற்றைப் புதுப்பித்தது. ஆனால் அவை வெறும் வழிகாட்டுதல்கள். எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்காக சிஎம்ஐ என்ற கடல்சார் சட்ட அமைப்பு 2008-இல் எழுதிய வரைவு, வரைவாகவே இருக்கிறது. துறைமுகத்தின் பயமும் நியாயம்தான். கப்பல் உள்ளே வந்து கசிந்தால் அவதிப்படுவது அந்தக் கரைக்காரர்கள்தானே.

ஒருவழியாக அனுமதி கிடைத்ததும் வந்தது ஜெனரல் ஆவரேஜ் கடிதம். கப்பலையும் சரக்கையும் சேர்த்துக் காப்பாற்ற ஆன செலவை, தப்பிய பொருளின் மதிப்புக்கேற்ப எல்லோரும் பங்கிட வேண்டும் என்பதுதான் ஜெனரல் ஆவரேஜ்; அதற்கான சர்வதேச விதித் தொகுப்பு யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள். புகலிடத் துறைமுகத்துக்குள் நுழையும் செலவும் அதில் சேரும். எரிந்துபோன சரக்குக்கு மதிப்பே இல்லை. முழுசாகத் தப்பிய எங்களுக்குத்தான் பங்கு அதிகம்!

எங்கள் பங்கைக் கட்டுகிறோம் என்ற உறுதிப்பத்திரமான ஆவரேஜ் பாண்டில் நாங்கள் கையெழுத்திட வேண்டும். அந்தப் பணத்துக்கான கேரண்டியை இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டும். கூடவே இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) நகல்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய கேரண்டியில் வாயேஜ் எண் (கப்பலின் அந்தப் பயணத்துக்கான எண்) ஓர் எழுத்து மாறியிருந்தது என்று திருப்பிவிட்டார்கள். அதைச் சரிசெய்து நிமிர்ந்தால், கப்பலை மீட்ட சால்வேஜ் கம்பெனிக்குத் தனியாக ஒரு கேரண்டி வேண்டுமாம். இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் டெலிவரி. அதே கப்பலில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஏற்றியிருந்த ஒருவரிடம் ரொக்க டெபாசிட் கேட்டார்கள். பாவம், கடன் வாங்கிக் கட்டினார்.

கண்டெய்னரைத் திறந்தபோது கதவோர அட்டைப்பெட்டிகளில் புகை நாற்றம், அடிவரிசையில் ஈரக்கறை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை வைத்துப் படமெடுத்து அன்றே கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தோம். கடல்வழிச் சரக்குக்கான ஹேக்-விஸ்பி என்ற சர்வதேச விதிகளின்படி, வெளியே தெரியாத சேதத்துக்கு மூன்று நாள்தான் அவகாசம். வழக்குப் போட டெலிவரியிலிருந்து ஓராண்டு. ரோட்டர்டாம் விதிகள் என்ற புதிய சர்வதேச ஒப்பந்தம் அதை இரண்டாண்டாக்கியது. ஆனால் அமலுக்கு வர 20 நாடுகள் ஏற்க வேண்டும், அதில் கால்வாசி நாடுகள்தான் ஏற்றிருக்கின்றன. ஜெனரல் ஆவரேஜ் கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த ஓராண்டு போய்விடும். அதனால் கப்பல் கம்பெனியிடம் கெடு நீட்டிப்பை எழுத்தில் வாங்கிவைத்தோம். கணக்கு இன்னும் வரவில்லை.