386, 486 போர்டுகளில் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது

பழைய 386 அல்லது 486 பிராசஸர் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கைக்கு வந்ததும் பவர் கொடுத்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அதற்கு முன் கீபோர்டு கனெக்டர் பக்கம் பாருங்கள். கடிகாரத்தையும் செட்டிங்ஸையும் காக்கும், நீலமோ பச்சையோ உறை போட்ட உருளை பேட்டரி இருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். "இன்னும் ஒழுகலையே, எதுக்கு எடுக்கணும்?" என்கிற வாதத்தை நான் ஏற்பதில்லை. பெரும்பாலும் அது 1.2 வோல்ட் செல்கள் மூன்றை அடுக்கிய 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. போர்டு சும்மா கிடந்தாலும் சீல் தளர்ந்து கசியும். பச்சைப் பூச்சுக்கு அடியில் ஊர்ந்துபோய் செம்புத் தடங்களை (டிராக்) அரிக்கும். இந்த போர்டுகளில் முதலில் கீபோர்டு வேலை செய்யாமல் போவது இதனால்தான்: கீபோர்டு கன்ட்ரோலர் சிப் பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

போர்டு ஓடுகிறது, செட்டிங்ஸும் நிற்கிறது என்றால், எடுப்பதற்கு முன் செட்டப் திரையில் ஹார்ட் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு எண்களைக் கொடுத்தால் டிஸ்க்கில் இருப்பதைப் படிக்க முடியாமல் போகலாம்.

பேட்டரியின் கால்களைக் கட்டரால் வெட்டிவிட்டு, மிச்சத்தை அப்புறம் டீசால்டர் செய்யுங்கள், அதாவது ஈயத்தை உருக்கி எடுங்கள். அரித்துப்போன ஈயம் சால்டரிங் அயனை எவ்வளவு நேரம் வைத்தாலும் உருகாது, மேலே படிந்த ஆக்சைடு சூட்டை உள்ளே விடாது. ஃபைபர்கிளாஸ் பேனாவால் பளபளப்பு தெரியும் வரை சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, புது 63/37 (வெள்ளீயம் 63%, காரீயம் 37%) ஈயம் கொஞ்சம் சேர்த்தால் இளகிவிடும். அதை விட்டுவிட்டு அயன் சூட்டை ஏற்றி அழுத்தினால் பேட் (பற்றவைக்கும் செம்புப் பொட்டு) பெயர்ந்து கையோடு வரும்.

கழுவும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கசிந்தது காரம், அதன் மேல் சோடா உப்பைக் கொட்டிப் பயனில்லை. வெள்ளை வினிகரைப் பஞ்சில் நனைத்துத் தடவுங்கள். நுரை வரும்: காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கார்பனேட் ஆகியிருப்பதால் வரும் நுரை அது. நுரை நின்றதும் டிஸ்டில்டு வாட்டரால் நன்றாகக் கழுவி, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். வினிகர் தங்கினால் அதுவும் செம்பைத் தின்னும்.

பூச்சுக்கு அடியில் டிராக் கருத்துப்போன இடங்களைச் சுரண்டி, மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து ஒவ்வொரு டிராக்காகப் பாருங்கள். அதிகம் ஏமாற்றுவது வயா. போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் அந்தச் சிறு துளைக்குள் முலாம் அரித்திருக்கும், மேலும் கீழும் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. எனவே ஒரு முள்ளை மேலே, மற்றதை அடியில் வைத்துச் சோதியுங்கள். அறுந்திருந்தால் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றைத் துளையில் நுழைத்து இரு பக்கமும் பற்றவைத்தால் போதும்.

பதிலாக என்ன போடுவது என்பதில்தான் சண்டை. பழைய பேட்டரி இருந்த இடத்தில் போர்டு சார்ஜ் செய்யும். சிஆர்2032 லித்தியம் காசு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஆகவே மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு கட்டாயம். கோடு போட்ட முனை போர்டைப் பார்த்து இருக்க வேண்டும். சாதாரண 1என்4148 டையோடு போட்டால் 0.7 வோல்ட் போய்விடும் என்று பயந்து, வோல்ட் குறைவாக விழுங்கும் 1என்5817 ஷாட்கி டையோடு போடச் சொல்வார்கள். கடிகாரச் சிப் இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். அந்த அளவில் 1என்4148 விழுங்குவது சுமார் 0.4 வோல்ட். ஷாட்கியோ ரிவர்ஸில் (எதிர்த்திசையில்) அதைவிடப் பல மடங்கு கசியும். என் ஓட்டு 1என்4148-க்கே. போர்டிலேயே இன்னொரு டையோடு இருந்து வோல்டேஜ் பற்றவில்லை என்றால், நாலு பின் வெளி பேட்டரி ஹெடரில் (வெளியிலிருந்து பேட்டரி மாட்டும் பின் வரிசை) மூன்று ஏஏ செல், அதாவது 4.5 வோல்ட் கொடுக்கலாம். அவையும் ஒழுகக்கூடியவை, நீள ஒயரில் போர்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.

அந்த ஹெடர் சார்ஜ் செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள். போர்டை ஆன் செய்து, பேட்டரி போடாமல், பெரும்பாலும் 1-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து அளக்கவும். ரெசிஸ்டர் இல்லாமல் அளந்தால் டையோடு கசிவே வோல்டேஜ் மாதிரி காட்டி ஏமாற்றும். ரெசிஸ்டர் இருந்தும் சில வோல்ட் நின்றால் சார்ஜ் ஏறுகிறது, டையோடு இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள்.

உருளை பேட்டரிக்குப் பதில் உயரமான கறுப்பு டல்லாஸ் டிஎஸ்1287 அல்லது 12887 கடிகார மாட்யூல் இருந்தால் கசிவுப் பயம் இல்லை. லித்தியம் செல் உள்ளே பிசினில் புதைந்திருக்கிறது. அது தீர்ந்ததும் பக்கவாட்டில் பிசினைச் சுரண்டி 16, 20-ஆம் பின்களின் மேல்பகுதியைக் கண்டுபிடித்து, பழைய செல்லின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் புது சிஆர்2032 கொடுக்க வேண்டும். 20 பாசிட்டிவ், 16 நெகட்டிவ்.

கடைசியாக ஓர் இரவு பவரைத் துண்டித்து வைத்துக் காலையில் செட்டப்பைத் திறங்கள். செட்டிங்ஸ் நின்று, நேரம் மட்டும் நகராமல் இருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். கடிகாரத்தை ஓட்டும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் கால்களைத்தான் பார்க்க வேண்டும். கசிவு அதையும் தொட்டிருக்கும்.