செவ்வாய்ப் பொங்கலன்று தொலைந்த கார் சாவி

தைப்பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று, நாட்டரசன்கோட்டை கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலின் முன்னால் நகரத்தார் புள்ளிகள், அதாவது எங்கள் சமூகக் குடும்பங்கள், வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதைக் காண்பதற்காக, எங்கள் குடும்பத்தார் எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவோம். இம்முறை அந்த நெரிசலில், என் வேட்டி மடிப்பில் செருகியிருந்த கார் சாவி எங்கோ நழுவி விழுந்துவிட்டது. கோயில் வாசலிலும் ஊருணிக் கரையிலும் இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. நான் ரிமோட்டால் பூட்டிவிட்டுப் போன வண்டி, எங்கள் வீட்டு வளவு வாசலில் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்ன நின்றுகொண்டிருந்தது. அந்த விளக்கு மின்னுகிறது என்றால் அலாரம் விழித்திருக்கிறது என்று பொருள். எனக்குப் பெருங்கவலை தந்தது, அப்பச்சி (என் அப்பா) இரவு போட்டுக்கொள்ள வேண்டிய இன்சுலின் பை உள்ளே இருந்ததுதான்.

அக்கம்பக்கத்தார் கண்ணாடியை உடைத்துவிடலாம் என்றார்கள். அப்பச்சி, "பொறு தம்பி, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடு" என்றார். வந்தவர் மெல்லிய தகட்டைக் கண்ணாடியின் ஓரமாக விட்டு, கதவுக்குச் சேதமில்லாமல் பூட்டை விடுவித்தார். கதவு திறந்த நொடியே ஹாரன் அலறத் தொடங்கியது. ரிமோட்டின் கட்டளை வராமல் கதவு திறந்தால் அதைத் திருட்டு என்றே கொள்ளும்படி அலாரம் அமைக்கப்பட்டிருக்கிறது. திறப்பவர் உரிமையாளரா இல்லையா என்பது அதற்குத் தெரிய வழியில்லை. இன்சுலின் பையை எடுத்து அப்பச்சியிடம் கொடுத்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றியதும் சத்தம் நின்றது. ஆனால் மறுபடி இணைத்தவுடன் அலறல் முன்போலவே தொடங்கியது. மின்சாரம் போனாலும், தான் பூட்டிய நிலையில் இருந்ததைப் பல வண்டிகளின் அலாரங்கள் நினைவில் வைத்திருக்கின்றன; சிலவற்றின் சைரனுக்குத் தனி பேட்டரியே உண்டு. ஒயர்களை இணைத்து எஞ்சினை ஓடவைக்கலாமா என்று மெக்கானிக் கேட்டபோது, நான் வேண்டாம் என்று மறுத்தேன். அந்த முடிவு சரிதான் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் அலாரம் வேறு, இம்மொபிலைசர் வேறு. அலாரம் ஊரைக் கூட்டுவதோடு சரி. எஞ்சினை ஓடவிடாமல் தடுப்பது இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சிறு சிப், எஞ்சின் கணினியில் முன்பே பதிவான சங்கேதத்தைச் சொன்னால்தான் எஞ்சின் ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டது. இதை ஒயரைப் பிடுங்கி வெல்ல முயன்றால் செலவு ஏறுமே தவிர வண்டி நகராது.

மதுரை வீட்டுப் பீரோவில் இருந்த இரண்டாவது சாவியைத் தம்பி இரவு பத்து மணிக்குக் கொண்டுவந்தான். நான்கு ஆண்டுகளாகத் தொடாமல் கிடந்ததால், அதன் ரிமோட்டை அழுத்தியும் பயனில்லை. கழற்றி வைத்திருந்த வண்டியின் பேட்டரியை இணைத்ததும் ஹாரன் மீண்டும் அலற, சாவியே பழுதாகிவிட்டதோ என்று எல்லாரும் கலங்கினோம். ஆனால் அதை இக்னிஷனில் நுழைத்து 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் சத்தம் அடங்கியது. ரிமோட்டுக்குத்தான் பேட்டரி வேண்டும், சிப்புக்கு வேண்டியதில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், அந்தச் சிப்புக்கு வேண்டிய ஆற்றலைத் தானே கொடுத்து அதன் சங்கேதத்தைப் படித்துக்கொள்கிறது. அது சரியான சாவி என்று தெரிந்தவுடன் எங்கள் வண்டியின் அலாரமும் அமைதியாகிவிட்டது.

எங்கள் முகப்புக் கதவின் இரும்புச் சாவி தொலைந்தால், பூட்டைப் பார்த்தே ஆசாரி ஒருவர் புதிது அராவிக் கொடுத்துவிடுவார். கார் சாவிக்கு அது போதாது. வெட்டியெடுத்த சாவியைக் கணினியில் பதியவும் வேண்டும். மறுநாள் நாட்டரசன்கோட்டைக் காவல் எல்லைக்குரிய நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெற்றேன். அதையும் ஆர்.சி. நகலையும் அடையாள அட்டையையும், வண்டி வாங்கியபோது சாவியோடு கொடுத்த எண் பொறித்த சிறு தகட்டையும் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் சென்றேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு தொடர்புகொள்ள உள்ள ஓபிடி இணைப்பில் கருவியைப் பொருத்தி, தொலைந்த சாவியின் பதிவை நீக்கிவிட்டுப் புதுச் சாவியைச் சேர்த்தார்கள். இருக்கும் சாவிகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பதிவை அழித்து மீண்டும் எழுதும்போது, அங்கே இல்லாத சாவி விடுபட்டுப்போகும். ஒரு சாவிகூட இல்லாவிட்டால் வேலையும் செலவும் கூடும். வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரியில்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பதிவை அழித்த பிறகு தொலைந்த சாவியால் எஞ்சினை ஓட்ட முடியாது. ஆனால் அதன் இரும்புப் பல் கதவைத் திறந்துவிடும். அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாத நிலையில், அடுத்த மாதமே கதவு, இக்னிஷன் பூட்டுகள் முழுவதையும் மாற்றிவிட்டேன். காப்பீட்டில் சாவி மாற்றுக்கான கூடுதல் பாதுகாப்பை நான் எடுத்திருக்கவில்லை என்பதால் முழுத் தொகையும் கைப்பணம்தான். இந்தப் புதுப்பித்தலில் அதைச் சேர்த்திருக்கிறேன். புதிய சாவியின் எண் தகட்டைப் படமெடுத்துத் தம்பியிடம் கொடுத்தாகிவிட்டது. புதுப் பூட்டுகளுக்குரிய இரண்டாவது சாவியில் புதுப் பேட்டரி போட்டு அவன் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். அப்பச்சியின் இன்சுலின் பை இப்போதெல்லாம் வண்டியில் தங்குவதில்லை; எங்கே இறங்கினாலும் என் தோளில்தான் இருக்கும்.