முடியாத பிள்ளையும் படிக்காத பிள்ளையும்

மார்க் இறங்கிய பையனைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் பேச்சு வந்தால் முதலில் வரும் வார்த்தை, "போன் கைக்கு வந்துடுச்சு சார்." பாதி நேரம் அது உண்மைதான். மீதியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நான் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியர். நாமக்கல் பக்கம் விடுதியோடு இருந்த ஒரு தனியார் பள்ளியில் சில வருடங்கள், அப்புறம் அரசுப் பள்ளி. விடுதியில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஸ்டடி தொடங்கிவிடும். இரவு பத்தரைக்கு மேல்தான் விளக்கை அணைப்பார்கள். பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருட்டுவது அன்றைய வழக்கம். 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்து அதற்குக் கொஞ்சம் தடை போட்டது. ஆனால் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று வருடம் பொதுத்தேர்வு, போதாததற்கு நீட். (2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. நல்லதுதான், பழைய தந்திரம் திரும்பி வராமல் இருந்தால்.)

களைத்துப்போன பிள்ளையை விடைத்தாளே காட்டிக்கொடுத்துவிடும். படிக்காதவன் ஐந்து மார்க் கேள்விக்கு இரண்டு பக்கம் கதை எழுதுவான். ஒன் மார்க்கில் கோட்டை விடுவான். களைத்தவர்களின் தாள் இதற்கு நேர்மாறு. பதினைந்து ஒன் மார்க்கும் சரியாக இருக்கும், ஐந்து மார்க் பகுதி மட்டும் வெறுமையாகக் கிடக்கும். விடை தெரியும், எழுதக் கை வராது. இன்னொரு அடையாளம் பி.டி. பீரியட். சோம்பேறி என்று நாம் திட்டுபவன் அங்கே பறப்பான். களைத்தவன் அங்கேயும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பான்.

வேலை பார்ப்பவர்களின் களைப்பை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அறிகுறிகளைச் சொல்கிறார்: உடலும் மனமும் வற்றிப்போவது, செய்யும் வேலையில் பற்று விட்டுப்போவது, என்ன செய்தும் பயனில்லை என்ற நினைப்பு. பின்லாந்தில் இதைப் பள்ளி மாணவர்களிடம் அளக்கவே தனி வினாப்பட்டியல் உருவாக்கியிருக்கிறார்கள். நம் பள்ளிகளில் இதற்கு இருக்கும் ஒரே மருந்து, தேர்வுக்கு முன் மேடையேறும் ஊக்கப் பேச்சாளர். அப்படி ஒரு கூட்டம் முடிந்ததும், நன்றாகப் படித்துக்கொண்டிருந்து சரிந்துபோன ஒரு மாணவி என்னிடம், "ஆசை இல்லாம இல்ல சார், முடியல" என்றாள்.

அவளுக்குக் காலை ஸ்லிப் டெஸ்டை மட்டும் நிறுத்தினோம், ஆறரை வரை தூங்கட்டும் என்று. பதின்ம வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். அந்த வயதில் தூக்கம் வருவதே தாமதமாகத்தான். அதிசயம் எதுவும் நடக்கவில்லை, சென்டம் வரவில்லை. ஆனால் ஐந்து மார்க் பகுதியை மறுபடி எழுதத் தொடங்கினாள். நிர்வாகத்தின் கவலை வேறு: "மத்த பேரன்ட்ஸ் கேட்டா என்ன சொல்றது?" நியாயமான கேள்விதான். மற்றவர்களும் தூங்கியிருக்கலாம்.

அரசுப் பள்ளியில் களைப்பின் காரணமே வேறு. முகூர்த்த நாட்களில் பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் போய்விடுவார்கள். நள்ளிரவு வரை பந்தி பரிமாறிவிட்டு வந்தவனிடம் மறுநாள் முதல் பீரியடில் ஆர்வத்தை எதிர்பார்ப்பது அநியாயம். அந்தச் சம்பளத்தில் வீட்டுச் செலவும் ஓடுகிறது, போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் டெஸ்ட் தேதி குறிக்கும்முன் தினக்காலண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். "என்ன சார், ஸ்லிப் டெஸ்டுக்கே நல்ல நாள் பாக்குறீங்களா?" என்று சிரிக்கிறார் கணக்கு ஆசிரியர்.