கட்டில் காலுக்கு அடியில் செங்கல்

எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டு ஏழு மாதம் ஆகிறது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள், சாப்பாடு குறையும், முடி கொட்டும், எல்லாம் முன்னாலேயே சொன்னார்கள். தூக்கம் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஆபரேஷன் முடிந்து, மூன்றாம் நாள் கடலூர் புதுப்பாளையம் வீட்டுக்கு வந்தேன். படுத்தால் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய கரியமில வாயுவின் மிச்சம் செய்கிற வேலையாம். நடந்தால் குறையும் என்றார்கள். நடுராத்திரியில் கூடத்தில் நடந்தேன். நான்கைந்து நாளில் சரியாகிவிட்டது.

பிறகு எதுக்களிப்பு. மூன்று தலையணை அடுக்கிப் படுத்தால், விடிவதற்குள் சறுக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் காலுக்கு ஒரு செங்கல் வைத்தார். உடம்பு மொத்தமும் ஒரே சரிவில் கிடந்தது. புளிப்பு மேலே ஏறவில்லை. ராத்திரி சாப்பாட்டையும் ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டேன்.

எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும் சிபேப் மெஷினை முன்பிருந்தே போடுகிறேன். இரண்டாம் மாதம் முகம் ஒடுங்கியதும் மாஸ்க் ஓரமாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. இளைத்துவிட்டோமே, இனி எதற்கு என்று நானே நிறுத்தினேன். பெரிய தப்பு. பத்தே நாளில் காலைத் தலைவலி திரும்பிவிட்டது. "மாஸ்க் சைஸைத்தாம்மா மாத்தணும். மெஷின் வேணுமா வேணாமான்னு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு நான் சொல்றேன்" என்றார் டாக்டர். சின்ன மாஸ்க் வாங்கினேன்.

இதையெல்லாம்விட என்னை வாட்டியது நான்காம் மாதம் வந்ததுதான். படுத்த கால் மணி நேரத்தில் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கும். வலி இல்லை, அரிப்பும் இல்லை. ஆனால் காலை அசைக்காமல் இருக்க முடியாது. எழுந்து நடந்தால் நிற்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். தூக்க மாத்திரை கேட்கலாம் என்றுதான் டாக்டரிடம் போனேன். "ராத்திரியெல்லாம் காலை உதறிக்கிட்டே இருக்கா சார்" என்று கூட வந்த என் வீட்டுக்காரர் சொன்னதும் அவர் மாத்திரைச் சீட்டை எழுதாமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 11.8, பெரிதாகக் குறையவில்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் வெறும் 9.

இரும்பு மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லையே என்று அழுதேவிட்டேன். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காலையில் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து, டீ குடித்த கையோடு. கால்சியமும் டீயும் இரும்பை உடம்பில் ஒட்டவிடாதாம். ஆபரேஷனுக்குப் பிறகு இரைப்பையில் அமிலமும் குறைவு, அதனாலும் இரும்பு சரியாகச் சேராது. நரம்பு வழியாக இரண்டு தடவை இரும்பு ஏற்றினார்கள். இப்போது இரும்பு மாத்திரை மத்தியானம், கால்சியம் ராத்திரி, டீ சாயங்காலம் மட்டும்.

மூன்று வாரத்தில் ஊர்வது அடங்கியது. ஆபரேஷன் முடிந்து கால் இப்படிப் படுத்தினால், தூக்க மாத்திரை வாங்குவதற்கு முன் ஃபெர்ரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அடுத்த மாதம் தூக்கப் பரிசோதனை இருக்கிறது. அதுவரை மாஸ்க்கையும் கழற்றப் போவதில்லை, செங்கல்லையும் எடுக்கப் போவதில்லை.