எட்டு வருடத் தேடல்

இந்த வாரம் முழுக்க ஆர்வோ பேர்ட்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். 1935இல் எஸ்டோனியாவில் பிறந்தவர். வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்துக்கொண்டே இசை எழுதியவர். 1968இல் ‘கிரெடோ’ அரங்கேறியது. கிறிஸ்துவின் மேல் விசுவாசத்தை அறிக்கையிடும் படைப்பு. சோவியத் ஆட்சியில் அதைச் சும்மா விடுவார்களா? மறுபடி இசைக்கவே முடியாமல் போனது.

அப்புறம் சுமார் எட்டு வருடம் மிகக் குறைவாகத்தான் எழுதினார். பழைய தேவாலயப் பாடல்களை எடுத்து வைத்துக்கொண்டு நோட்டு நோட்டாகப் பயிற்சி செய்தார். பெயர் வாங்கிய ஒருவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

1976இல் ஒரு சின்ன பியானோ துண்டோடு திரும்பி வந்தார். முறை ரொம்ப எளிமை: ஒரு குரல், அதாவது ஓர் இசைவரி, படிப்படியாக நகரும், இன்னொன்று மூன்றே ஸ்வரங்களுக்குள் நிற்கும்.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக 1977இல் எழுதிய ‘கான்டஸ்’ஸைக் கேளுங்கள். ஒலிக்கும் ஒரு மணி, மீதியெல்லாம் தந்தி வாத்தியங்கள். எல்லோருக்கும் ஒரே இறங்குவரிசைதான்; ஆனால் கீழ்க்குரல் ஒவ்வொன்றும் மேலதைவிடப் பாதி வேகத்தில் இறங்கும். கடைசியில் தந்திகள் நின்றதும், அவற்றின் சத்தத்துக்குள் மறைந்திருந்த மணியின் ரீங்காரம் தனியாகக் கேட்கும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது.

1980இல் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டி வந்தது. வியன்னா, பிறகு பெர்லின். 2010இல்தான் ஊர் திரும்பினார். இன்று எஸ்டோனியத் தலைநகர் தாலினுக்கு அருகே லௌலஸ்மாவின் பைன் காட்டுக்குள் அவர் பெயரில் ஓர் இசை மையமே இருக்கிறது.

‘கான்டஸ்’ ஆறேழு நிமிடம்தான். ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.